செவ்வாய்க்கிழமை வலியும் இணையவழி முனைவர் பட்டமும்

இந்தியாவில் இணையவழி முனைவர் பட்டம் என்று ஒன்று செல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சமூகப்பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துவிட்டு மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். "முழுமைநோக்குச் சமூகப்பணியில் ஆன்லைன் பி.எச்டி., வேலையை விட வேண்டாம், ஊரை விட்டு நகர வேண்டாம்" என்ற விளம்பரம் அவர்களுடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும். முழுமைநோக்கு என்றால் நோயை மட்டும் பார்க்காமல் உடல், மனம், குடும்பம், பணம் எல்லாவற்றையும் சேர்த்து ஆளைப் பார்ப்பது. 2022 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்தே எச்சரிக்கை வெளியிட்டன. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கைகோத்துக்கொண்டு கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் தரும் இணையவழி முனைவர் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் சமூகப்பணியில் முனைவர் பட்டம் உண்டு. அதுவும்கூட நேரடி முறையில்தான்.

எனக்கும் ஒருவர் தொலைபேசியில் பேசினார். குரலில் அவ்வளவு பணிவு. ஒன்றரை ஆண்டில் பட்டம், மூன்று தவணையில் கட்டணம், பட்டமளிப்பு விழாவுக்கு வெளிநாடு போக விரும்பினால் அது தனிக் கணக்கு. "ஆய்வுக் கேள்வி என்ன என்பதை யார் முடிவு செய்வார்கள்?" என்று கேட்டேன். "தலைப்பும் நாங்களே தருவோம் மேடம், அதெல்லாம் பேக்கேஜில் வரும்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கேள்வியைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் அப்போது இல்லை. அதையும் அவரே தருகிறேன் என்கிறார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றவை புரியும்.

மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்களில் வீடு தேடிச் சென்று வலி நிவாரண ஆதரவு சிகிச்சை தரும் ஒரு குழுவில் நான் சமூகப்பணியாளர். செவிலியர் புண்ணைச் சுத்தம் செய்வார், மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்வார், நான் மற்றதையெல்லாம் பார்ப்பேன். மற்றது என்றால் முதியோர் உதவித்தொகை, காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி, அரிசி. வேலை ஒப்பந்தத்தில் "உளசமூக ஆதரவு" என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர். கன்னத்தில் புற்று, பேச்சு போய்விட்டது. வலி எவ்வளவு என்று கேட்டால் விரல்களைக் காட்டுவார். பத்து விரலும் என்றால் தாங்கவே முடியாத வலி. இரவும் பகலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. ஒவ்வொரு நாளும் எத்தனை விரல் காட்டினார் என்பதை எழுதி வைக்கும்படி மகளிடம் செவிலியர் சொல்லியிருந்தார். நோட்டுப் புத்தகம் கொடுத்தும் அந்தப் பெண் அதில் எழுதவில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள். மருத்துவர் அந்த எண்களை வரிசையாகப் படித்தார். இடையிடையே எட்டு, ஒன்பது வந்தது. திடீரென்று வலி பீறிடுவது இந்த நோயில் உண்டு என்பதால் மாத்திரையின் அளவைக் கூட்டினார். பெரியவர் பகலெல்லாம் தூங்கினார். எட்டும் ஒன்பதும் அப்படியே இருந்தன.

ஒருநாள் செவிலியர் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, சும்மா இருந்த என் கை அந்தத் தாள்களைத் திருப்பிப் பார்த்தது. ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் அச்சிட்ட முன்பக்கம். ஒன்பது என்று எழுதியிருந்த தாள்கள் எல்லாம் செவ்வாய்க்கிழமை. எட்டு என்று எழுதியிருந்தவை பெரும்பாலும் திங்கள் இரவு. புதன்கிழமைகளில் நான்கு, சில வாரம் மூன்று.

"எனக்குத் தெரியும் அக்கா, அப்பாவுக்குச் செவ்வாய் ஆகாது. பரிகாரம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள் மகள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். திண்ணையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பையோடு ஓர் இளைஞன். குழுக் கடனின் வாரத் தவணை வசூல், வாரம் தவறாமல் இந்த வீட்டுத் திண்ணையில்தான் நடந்துவந்திருக்கிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. இந்த மகளுக்குத்தான் சில மாதங்களாகத் தவணை இழுபறி. பக்கத்து வீட்டுப் பெண்கள், நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கியவர்கள், அவளைப் பேசிய பேச்சு சாதாரணமானதல்ல. திண்ணைக்கும் பெரியவரின் கட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். அவரால் பேசத்தான் முடியாது, காது நன்றாகக் கேட்கும்.

வசூல் கூட்டத்தை வேறொரு வீட்டுக்கு மாற்ற வைத்தோம். நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த நெறிமுறைகள் என் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. அதைக் காட்டிப் பேசியதில் தவணைக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பது, ஐந்தாயிற்று. மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது, புற்று அங்கேதான் இருந்தது. ஆனால் கூட்டிய அளவைப் பழையபடி குறைக்க முடிந்தது. பெரியவர் பகலில் விழித்திருந்தார்.

மாதாந்திரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மருத்துவர் நல்லவர், கவனமாகக் கேட்டார். பிறகு, "நல்ல கதை. ஆனால் ஒரு வீட்டுக் கதை" என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் பகுதியில் வாரத் தவணை இல்லாத வீடுகள் குறைவு. கடனுக்கும் வலிக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, எந்த வகைக் கடன், வலியைச் சொல்பவர் யார், எழுதுபவர் யார், மாத்திரையை ஒளித்து வைத்துச் சிக்கனப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டுமானால் பல வீடுகளில், பல மாதம், ஒரே முறையில் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். வேலை நேரத்தில் அதைச் செய்ய யாரும் விடமாட்டார்கள். நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் "சென்ற வீடுகள்" என்ற பத்தி இருக்கிறது, "கேட்ட கேள்விகள்" என்ற பத்தி இல்லை. ஆகவேதான் முனைவர் பட்டம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு எங்கள் கிராமங்களுக்குப் போனால் ஊசி போடச் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

முழுமைநோக்கு என்பதை விளம்பரங்களில் தியானம், யோகா, வாசனைத் தைலம் என்று கலந்து கொடுக்கிறார்கள். யோகாவின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் துறையில் அந்தப் பார்வைக்குப் பிடிமானமான ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பெயரில் பட்டம் வாங்குவது வெட்கக்கேடு. லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை 1895-ல் மேரி ஸ்டூவர்ட் என்பவரை நியமித்தது. நோயாளிகளில் யாருக்கு இலவச சிகிச்சை தரலாம் என்று விசாரித்துச் சொல்வதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. மருத்துவமனைச் சமூகப்பணி அங்கே தொடங்கியதே பணத்தைப் பற்றிய விசாரணையில்தான். இந்தியாவில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1946-ல் முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் வந்தார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார்.

இந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமானவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகப் பயிற்சி பெற்றார், முதுகுவலியால் அதை விட்டு மருத்துவச் சமூகப்பணியாளரானார், இறப்பவர்களின் வலியைப் பார்த்துவிட்டு மருத்துவம் படித்து 1957-ல் மருத்துவரானார், 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்தார். மருத்துவமனையின் மூன்று நாற்காலிகளிலும் உட்கார்ந்து பார்த்தவர் அவர். உடல், மனம், குடும்பமும் பணமும், ஆன்மிகத் தவிப்பு நான்கும் சேர்ந்ததே ஒருவருடைய முழு வலி என்று 1960-களில் எழுதினார். அவரிடம் வலியைச் சொல்லத் தொடங்கிய ஒரு பெண்மணி முதுகில் ஆரம்பித்து, தன்னைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தால் கணவரும் மகனும் இழக்க வேண்டிய கூலியைப் பற்றிச் சொன்னாராம். உசிலம்பட்டிக் கம்பியில் குத்தியிருந்த தாள்களைப் பார்த்த பிறகு அந்தப் பகுதியைப் படித்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே, கோழிக்கோட்டில், 1993-ல் வலி நிவாரண மையம் ஒன்றைத் தொடங்கிய மருத்துவர்களும், அதைச் சுற்றி வடகேரளக் கிராமங்களில் திரண்ட தன்னார்வலர்களும் இதே பார்வையை ஊர்வேலையாக மாற்றிக் காட்டினார்கள். கேரள அரசு 2008-ல் இதற்கென்று கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை என்பது ஒரு பகுதி. மார்ஃபின் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தை 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்கு 2014-ல் வந்த திருத்தம் கொஞ்சம் மாற்றியது. மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. கடன் பற்றிய பேச்சு இன்னும் நோயாளியின் கோப்புக்குள் வரவில்லை.

சரி, பட்டத்துக்கு வருகிறேன். இணையவழி என்றாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவின் யூனிசா பல்கலைக்கழகம் 1946 முதல் தொலைநிலையில் கற்பிக்கிறது, சமூகப்பணியில் முனைவர் பட்டம்வரை அங்கே தருகிறார்கள். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடி 1989-ல் சட்டப் பட்டம் பெற்றது அங்குதான். அமெரிக்காவில் இரண்டு வகை இருக்கிறது. பி.எச்டி. என்பது ஆராய்ச்சிக்கு, டி.எஸ்.டபிள்யூ. என்பது களத்தில் பல ஆண்டு வேலை செய்தவர்கள் அந்த வேலையையே மேம்படுத்துவதற்கு. பின்னதை டென்னசி, சதர்ன் கலிஃபோர்னியா போன்ற பல்கலைக்கழகங்கள் இணையவழியிலேயே நடத்துகின்றன. அங்கே மாலை வகுப்பு என்றால் நமக்கு விடிகாலை, வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதியும்கூட. எனக்கு ஆசை வராமல் இல்லை. பாடத்திட்டங்களை இறக்கிப் படித்தேன். பெரும்பாலும் அந்த நாட்டு உரிமம், அந்த நாட்டுக் காப்பீடு, அந்த நாட்டு நிர்வாகம். என் கேள்விக்குத் திண்ணை வேண்டும். கட்டணமோ எங்கள் குழுவின் ஓராண்டு டீசல் செலவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நம் ஊரில் திறந்திருக்கும் கதவு பகுதிநேர முனைவர் பட்டம். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் அதைத் தெளிவாக அனுமதிக்கின்றன. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. குறைந்தது 3 ஆண்டு, சாதாரணமாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை. பாடவேலை குறைந்தது 12 கிரெடிட். பகுதிநேரத்துக்கு மட்டும் இன்னொரு காகிதம் வேண்டும்: வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று. படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்கு நேரம் ஒதுக்க இவரது பணி இடம்தரும், தேவைப்பட்டால் பாடவேலைக்கு விடுவிப்போம் என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும். முதல் இரண்டு வாக்கியங்களை எங்கள் செயலாளர் உடனே கையெழுத்திட்டார். மூன்றாவதில் பேனா நின்றது. "விடுவித்தால் அந்த நாட்களில் வீடுகளுக்கு யாரம்மா போவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் கோபமும் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு பருவம் அந்த மூன்றாவது வாக்கியத்திலேயே போயிற்று.

அதைவிடக் கடினம் நெறியாளர் கிடைப்பது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்குத்தான் வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. இடம் காலியாக இருப்பவரும், நம் தலைப்பில் ஆர்வம் உள்ளவரும் ஒரே ஆளாக அமைவது அரிது. சிலர் பதிலே போடவில்லை. ஒருவர், "கடன் என்றால் பொருளாதாரத் துறைக்குப் போங்கள்" என்றார். இன்னொருவர், "வலி என்றால் மருத்துவக் கல்லூரிக்கு" என்றார். முழுமைநோக்கைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசும் துறை இது!

கடைசியில் கிடைத்தவர் ஓய்வுக்குச் சில ஆண்டுகளே மீதமிருக்கும் ஒரு பேராசிரியை. முதல் சந்திப்பில் என் முன்மொழிவைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வலி குறைந்தது கடன் கூட்டம் மாறியதாலா, நீங்கள் அடிக்கடி போனதாலா?" இரண்டு நாள் யோசித்தும் பதில் இல்லை. ஆய்வு வடிவமைப்பே அந்த ஒரு கேள்வியிலிருந்து மாறியது. எங்கள் குழு அடிக்கடி போகும் வீடுகளையும், மாதம் ஒருமுறை மட்டும் போகும் வீடுகளையும் தனித்தனியாகப் பார்க்கப் போகிறோம்.

அவரோடு பேசுவதில் பெரும்பகுதி இன்று காணொளியில்தான். நான் உசிலம்பட்டி பஸ் நிலையத்தில் உட்கார்ந்துகூடப் பேசியிருக்கிறேன். ஆய்வு முறையியல் பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இருக்கின்றன, படிக்கக் காசு கிடையாது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் நாடெங்கும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை முழுதாக இறக்கிக்கொள்ளலாம். எனக்கு முன்னால் நூலகம் நூலகமாக அலைந்த தலைமுறையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இரவில் படுக்கும் முன் ஓர் ஆய்வேடு என்று பழக்கமாகிவிட்டது. நல்லவை உண்டு. பலவற்றில் கடைசி அத்தியாயத்தைத் திறந்தால் "அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று தொடங்கும் பரிந்துரைகள், ஊரையும் ஆண்டையும் மாற்றினால் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். இணையம் தரக்கூடியதை எல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன். ஆய்வுக் குழுவின் முன் ஒவ்வொரு பருவமும் நேரில் நின்று, "இந்த எண்ணை நம்பலாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு வியர்ப்பதை மட்டும் அது தருவதில்லை. தொலைபேசியில் பேசிய அந்தப் பணிவான குரல் எதிலிருந்து எனக்கு விலக்கு அளிக்கிறேன் என்றதோ, அதற்காகத்தான் நான் சேர்ந்திருக்கிறேன்.

இப்போது நிற்பது, மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் வாசலில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களில், சாவை எதிர்நோக்கி இருப்பவர்கள் தனிப் பாதுகாப்பு தேவைப்படுபவர்கள். அவர்களிடம் கேள்வி கேட்கவே கூடாது என்பதில்லை, கேட்கும் முறையில் கவனம் வேண்டும். குழுவில் இருந்த வழக்கறிஞர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "இந்த வீடுகளுக்கு மாதாந்திர அரிசியும் மருந்தும் யார் கொண்டுபோகிறார்கள்?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "அப்படியென்றால் உங்களிடம் 'முடியாது' என்று யாரால் சொல்ல முடியும்?"

ஆகவே சம்மதம் கேட்கப் போவது நான் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் இதே வேலை செய்யும் ஒரு சகோதரி வந்து கேட்பார், அவர் மாவட்டத்து ஆய்வுக்கு நான் பதிலுக்குப் போவேன். நேர்காணலில் நான் இருக்கலாமா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. வலி எண்ணைக் காலண்டர் தாளில் எழுதும் வீடுகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தாளில் கிழமை இருக்கிறது, விசேஷ நாள் இருக்கிறது, நோட்டில் அது இருக்காது. புள்ளியியல் ஆசிரியருக்கு இதில் சம்மதமில்லை.

சம்மதப் படிவத்தைத் திருத்தி எழுதியாயிற்று. "நீங்கள் மறுத்தாலும் அரிசியும் மருந்தும் நிற்காது" என்ற வரி பழைய வரைவில் இரண்டாம் பக்கத்தில் கிடந்தது. அதை முதல் வரியாக்கி, எழுத்தையும் பெரிதாக்கச் சொன்னார் நெறியாளர். பெரிதாக்கி அனுப்பிவிட்டேன். குழு அடுத்த மாதம் கூடுகிறது.